படைப்பாளியின் புறக்கூற்றும் வாசகரின் பொருள்கோடலும்

ஆய்வுச் சுருக்கம்

படைப்பாளர் தம் படைப்பைக் குறித்து அதற்குப் புறத்தே கூறும் கருத்துகள் வாசகரின் பொருள்கோடலை எந்த அளவிற்கு நெறிப்படுத்தலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இறையனார் களவியல் உரையின் தோற்றக் கதையும் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

முன்னுரை

தற்காலப் படைப்பாளர்களைப் பற்றிய ஆய்வேடுகளில் படைப்பாளரின் நேர்காணலைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. நேர்காணலில் அவர் கூறியது ஆய்வின் முடிவாகவே எடுத்தாளப்படும்போது, படைப்பை ஆராய்வதற்கான தேவையே கேள்விக்குள்ளாகிறது.

கோட்பாட்டு நிலை

படைப்பாளரின் நோக்கம் ஒரு கவிதையை மதிப்பிடும் அளவுகோல் ஆகாது என விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் வாதிட்டனர். பொருளின் பிறப்பிடத்தை வாசகரிடம் கண்ட ரொலான் பார்த்தின் கட்டுரை 1967இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இ.டி. ஹிர்ஷ், ஆசிரியர் கருதிய பொருளைக் கைவிட்டால் சரியான வாசிப்பைத் தவறானதிலிருந்து பிரித்தறியும் அடிப்படை இல்லாமற் போகும் என மறுத்தார். இவ்விரு தரப்புக்கும் இடையிலான வினா தமிழ் மரபுக்குப் புதியதன்று.

மரபில் ஆசிரியரும் உரையும்

நூலாசிரியர் தாமே தம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் உரைப்பதை நன்னூல் பொதுநெறியாக ஏற்கவில்லை. அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர் ஆகியோரிடமே அக்கடமையை ஒப்படைக்கிறது. தற்புகழ்ச்சியைத் தவிர்ப்பதே இதன் நோக்கம். எனினும் நூலை அறிமுகப்படுத்தும் குரல் பிறருடையதாகிறது.

களவியல் உரை கூறும் கதை இன்னும் நுட்பமானது. ஆலவாய் இறைவன் அருளிய அறுபது நூற்பாக்களுக்குச் சங்கப் புலவர் பலரும் உரை கண்டனர். எது மெய்யுரை என்னும் பூசல் எழுந்தது. நூல் செய்தவனே முன்னிற்கும் நிலையில், அவனிடம் பொருள் கேட்டு வழக்கைத் தீர்த்திருக்கலாம். இறைவன் பொருள் உரைக்கவில்லை. கேட்பவன் ஒருவனைக் காட்டினான். வாய் பேசாச் சிறுவனாகிய உருத்திரசன்மன், நக்கீரர் உரையைக் கேட்டுக் கண்ணீர் வார, மெய்ம்மயிர் சிலிர்க்க இருந்ததே தீர்ப்பாயிற்று. ஆசிரியரின் அதிகாரம் தகுதியுடைய கேட்பவனைச் சுட்டுவதோடு நின்றுவிடுகிறது.

ஜெயகாந்தனின் மறுமொழி

1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்', முன்பின் அறியாதவனால் கெடுக்கப்பட்ட மகளைத் தாய் நீராட்டித் தூயவளாக ஏற்பதோடு முடிகிறது. அம்முடிவு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. தம் நூல்களுக்கு நீண்ட முன்னுரைகள் எழுதித் தம் நிலைப்பாட்டை விளக்கியவர் ஜெயகாந்தன். ஆயினும் இவ்விவாதத்திற்கு அவரளித்த வலுவான மறுமொழி 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் புதினமே. அதில் தாய் ஊரறியக் கதறுகிறாள். கங்கை வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறாள்.

இப்புதினத்தைக் கொண்டு, ஆசிரியர் முந்தைய முடிவைத் திரும்பப் பெற்றார் என உரைப்பது பொருந்தாது. சிறுகதையின் பனுவல் மாறவில்லை. மேலும், அக்கதை புதினத்திற்குள் இதழொன்றில் வெளிவந்த கதையாகவே இடம்பெறுகிறது; கங்கையின் தாய் அதனைப் படித்துக் கலங்குகிறாள். தான் செய்யத் தவறியதை அவள் உணர்வது அவ்வாசிப்பினால்தான். களவியல் கதையைப் போன்றே, இங்கும் விளக்கத்தின் இடத்தில் ஒரு வாசகர் நிறுத்தப்படுகிறார்.

புறக்கூற்றின் எல்லை

புறக்கூற்றுகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஆக்கம் பற்றிய தகவல். இப்புதினம் தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்னும் தலைப்பில் தொடராக வந்தது என்பது இத்தகையது. இதனை இதழ்ப் பதிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். பாட வேறுபாட்டு ஆய்வுக்கு இது இன்றியமையாதது. இரண்டாவது, பொருள் பற்றிய கூற்று. ஒரு பாத்திரம் இதனையே குறிக்கிறது எனப் படைப்பாளர் கூறினால், அதற்கும் பனுவலிலிருந்தே சான்று தேவை. அந்நிலையில் படைப்பாளரும் தம் நூலின் உரைகாரருள் ஒருவரே.

முடிவுரை

புறக்கூற்றை முற்றிலும் விலக்குவதும் முடிந்த முடிபாகக் கொள்வதும் ஒருபாற் கோடலே. குறிப்பிட்ட கூற்றை நீக்கிய பின்னரும் ஆய்வாளரின் விளக்கம் பனுவற்சான்றுகளால் நிலைபெறுமாயின், அக்கூற்று துணைச்சான்றாகும். நிலைபெறாதாயின், அது படைப்பாளரின் கருத்துலகைப் பற்றிய ஆய்வேயன்றிப் படைப்பைப் பற்றியதன்று. இரண்டும் தகுதியுடைய ஆய்வுகளே. எனினும் ஒன்றன் முடிவை மற்றொன்றன் பெயரால் வழங்குதல் ஆய்வு நெறியாகாது.