உயரக் கட்டத்தையும் பாருங்கள்

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள். கல்வராயன் மலையில், காட்டு வேலைக்குப் போகும் அவசரத்தோடு பிள்ளையை இடுப்பில் தூக்கி வரும் தாய்க்கு மெஷின் காட்டும் கிலோதான் கணக்கு. எடை ஏறினால் நிம்மதி. மெலிந்த பிள்ளைகளையே தேடித் தேடிப் பழகிவிட்ட நமக்கு, கன்னம் உப்பி நிற்கும் குழந்தையைக் கண்டால் 'நல்லா புஷ்டியா இருக்கு' என்றுதான் வாயில் வரும். அப்படிச் சொல்லிவிட்டு அனுப்பக் கூடாத குழந்தைகளும் உண்டு.

சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. பெரியவர்களுக்கே ஒன்று 4, 5 கிராம்தான் இருக்கும். அதில் ஒரு கட்டி முளைத்து ஹார்மோனை அளவில்லாமல் கொட்ட ஆரம்பித்தால், குழந்தையின் உடம்பே மாறிப்போகும். கார்டிசால் கூடினால் முகம் வட்டமாகும், வயிறு பருக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஆனால் உயரம் நின்றுவிடும். இதுதான் முக்கியமான துப்பு. வெறுமனே அதிகம் சாப்பிட்டுப் பருக்கும் பிள்ளை பெரும்பாலும் உயரமாகவும் வளரும். எடை ஏறி, உயரம் அசையாமல் நின்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஆண்தன்மை ஹார்மோன் கூடினால் கதை வேறு. ஐந்து வயது நிரம்பாத பெண் குழந்தைக்கு மறைவிடத்தில் முடி, முகத்தில் பரு, கட்டைக் குரல், கிடுகிடுவென்று உயரம். இந்தக் கட்டி அதிகம் வருவதும் அந்த வயதுப் பெண் குழந்தைகளுக்குத்தான். பல அம்மாக்கள் இதைச் சொல்லக் கூசுவார்கள். தயவுசெய்து கூசாதீர்கள், நர்ஸம்மாவிடமாவது சொல்லுங்கள்.

சுரப்பியின் உள்பகுதியில் வரும் கட்டி அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கொட்டும். தலைவலி, வியர்வை, படபடப்பு. கூடவே ரத்த அழுத்தம். குழந்தைகளுக்கு பிரஷர் பார்க்கும் வழக்கமே நம்மிடம் குறைவு. பார்த்தாலும், பெரியவர்களுக்கான பட்டையை அந்தச் சின்னக் கையில் சுற்றினால் அளவு குறைத்துத்தான் காட்டும்.

அட்ரினலின் வெளிப்பகுதிக் கட்டி உலக அளவில் ஒரு கோடிக் குழந்தைகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் வருகிறது. கல்வராயன் மலை இருக்கும் நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் பல ஆண்டுகளுக்கு ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகலாம். பிறகு எதற்கு இவ்வளவு சொல்கிறேன்? இதே அறிகுறிகளோடு இதைவிட அதிகமாக வருபவை இருக்கின்றன. ஸ்டீராய்டு கலந்த களிம்பையோ சொட்டு மருந்தையோ மாதக்கணக்கில் கொடுத்தாலும் முகம் இப்படித்தான் உப்பும். பிறவியிலேயே அட்ரினல் சுரப்பி பெருத்திருக்கும் பரம்பரைக் கோளாறும் உண்டு. ஐசிஎம்ஆர் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைச் சோதித்தபோது அது 5,762 பேரில் ஒருவருக்கு இருந்தது. சென்னையில் 2,036 பேரில் ஒருவருக்கு!

முன்கூட்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு பிரேசில் சாட்சி. அங்கே பரானா மாநிலத்தில், தலைமுறைகளாக வந்த ஒரு மரபணு மாற்றத்தால் அட்ரினலின் வெளிப்பகுதிக் கட்டி மற்ற நாடுகளைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு அதிகம். 2005 முதல் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தவுடன் சோதித்து, மாற்றம் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டது. சின்னக் கட்டியை முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதுவே சிகிச்சை.

மலையில் இருந்து இறங்கினால், சிறுவங்கூரில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கு மேல் ஜிப்மர், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி. ஆபரேஷன் அங்கே நடந்துவிடும். என் கவலை குழந்தை மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் வீடு திரும்பிய பிறகு வரும் நாட்களைப் பற்றியது.

கட்டி கார்டிசாலைக் கொட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் மறுபக்கச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். அது விழித்துக்கொள்ள மாதங்கள் ஆகும். அதுவரை கார்டிசாலுக்குப் பதிலாகத் தரும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைதான் உயிர். 'கட்டிதான் போயிடுச்சே' என்று நிறுத்திவிடக் கூடாது. காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் உடனே ஊசி. நடுராத்திரியில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் 108 வண்டியில் இருப்பவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம் கேட்டு, மருந்தின் பெயரும் ஊசியின் அளவும் தமிழில் எழுதிய ஒரு சீட்டை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவையுங்கள்.