பல் உறை கழல்வது ஏன்?

பலமுறை வைத்தியரிடம் அலைந்து, பெரும் பணம் செலவிட்டுப் பொருத்திய பல் உறை, உணவு உண்ணும்போது கழன்று விழுந்தால் எவருக்கும் மனம் நோகும். சீமெந்து தரமற்றது என்பதே உடனே எழும் குற்றச்சாட்டாகும். ஆயினும், பல வேளைகளில் தவறு நேர்வது சீமெந்து பூசுவதற்கு முந்திய சில நிமிடங்களிலேயே.

பழைய சிங்க் பொஸ்பேற்றுச் சீமெந்து இடைவெளியை நிரப்பி உறையை இறுகப் பிடித்ததேயன்றிப் பல்லுடன் ஒட்டவில்லை. ஒட்டும் முறைக்கு 1955இல் வழிகாட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் மைக்கல் புவோனோகோர். பொஸ்போரிக் அமிலம் பட்ட எனாமலில் நுண்துளைகள் தோன்றும். ரெசின் அவற்றினுள் இறங்கி இறுகும்.

உறையின் உட்புறமும் அவ்வாறே பக்குவப்படுத்தப்பட வேண்டும். கண்ணாடி வகைப் பீங்கானை ஐதரோபுளோரிக் அமிலத்தால் அரித்துச் சிலேன் பூசுவர். இன்று பெரிதும் விரும்பப்படும் சேர்கோனியாவிலோ அந்த முறை பயன் தராது. அதன்மீது அலுமினாத் துகள்களை வீசி, எம்.டி.பி. என்னும் பொஸ்பேற்றுச் சேர்மம் கலந்த பூச்சினை இடவேண்டும். இங்கேதான் உமிழ்நீர் வினையாகின்றது. வாயில் வைத்து அளவு பார்க்கும்போது உமிழ்நீரிலுள்ள பொஸ்பேற்று முந்திச் சென்று சேர்கோனியாவைப் பற்றிக்கொள்கின்றது. வெறும் நீரால் கழுவினால் அது அகலாது. மீண்டும் முறைப்படி துப்புரவு செய்தாக வேண்டும்.

வைத்தியர் பல்லைச் சுற்றி இறப்பர் விரிப்பை இடும்போது நம்மவர் சலித்துக்கொள்வதுண்டு. ஈரத்தைத் தடுப்பது அவ்விரிப்பே. கழன்ற உறையைக் கடைப் பசையால் தாமே ஒட்டிக்கொள்வோரும் உளர். இறுகிய பசை உறையை மீண்டும் சரியாகப் பொருந்தவிடாது. அதனைப் பத்திரப்படுத்தி வைத்தியரிடம் எடுத்துச் செல்வதே தக்கது.