எத்தனை கத்தி வேண்டும்?

ஒரு வீட்டு அடுக்களையின் ஒழுங்கை அறிய விரும்புவோர் அங்குள்ள கத்தியை எடுத்து ஒரு தக்காளியை அரிந்து பார்த்தாற் போதும். தோலை நசுக்காமல் கத்தி இறங்குமாயின் அவ்வீட்டில் கருவியைப் பேணுவோர் உளர் என்று கொள்ளலாம்.

நம் தீவுப்பகுதியில் ஆச்சிமாரின் அடுக்களைக் கருவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீன் அரியவும் காய் நறுக்கவும் ஓர் அரிவாள். ஓலை வாரவும் பெட்டி இழைக்கவும் ஒரு சத்தகம். தேங்காய் உடைக்க ஒரு கொடுவாக்கத்தி. வெற்றிலைத் தட்டத்தில் ஒரு பாக்குவெட்டி. இவற்றுள் வேலையின்றிக் கிடந்தது ஒன்றுமில்லை. ஆகவே மழுங்கிக் கிடந்ததும் ஒன்றுமில்லை.

இன்று நிலைமை வேறு. 1983ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் நேர்ந்த துயரங்களின் பின் நம்மவர் பலர் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் குடியேறினர். விடுமுறைக்கு ஊர் திரும்பும் அவர்களின் பெட்டிகளில், அன்பளிப்பாக யப்பானியக் கத்திகளும் வரத் தொடங்கியுள்ளன. ஒரு வீட்டில் ஏழு, இன்னொரு வீட்டில் பத்து என அவை இலாச்சியை நிறைக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை விலக்குவது என்ற கேள்வி அங்கே பிறக்கிறது.

முதலில் அக்கத்திகளின் வரலாற்றைச் சிறிது அறிவோம். ஒசாக்காவை அடுத்துள்ள சக்காய் என்னும் நகரம் கத்திக்குப் பெயர் போனது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் யப்பானுக்குப் புகையிலையைக் கொண்டு சென்றனர். அவ்விலையை மெல்லிதாக அரியும் கத்தியைச் செய்தே சக்காய்க் கொல்லர் புகழ் பெற்றனர்; அக்கத்திகளுக்குத் தொக்குகாவா ஆட்சியாளர் தம் முத்திரையையும் வழங்கினர். புகையிலையால் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது. பின்னர் 1876ஆம் ஆண்டில், பொதுமக்கள் வாள் தரித்தலை மெய்ஜி அரசு தடைசெய்தது. வாள் அடித்த கொல்லர் பலரின் கைகள் அடுக்களைக் கத்தியை நாடின.

இனி, வகைகளைப் பார்ப்போம். ‘தேபா’ என்பது முதுகு தடித்த கனமான கத்தி. மீனின் தலையைத் துணிக்க உதவுவது. ‘யனகிபா’ வில்லோ மரத்தின் இலை போன்று நீண்டு மெலிந்தது. பச்சை மீனை ஒரே இழுப்பில் சீவுவதற்கென்றே ஆனது. ‘நகிரி’ காய்கறிக்கு உரியது. அதன் வாய் நேராக இருக்கும். ‘கியூத்தோ’ மேனாட்டு உணவு யப்பானுக்குள் நுழைந்த காலத்தில் இறைச்சிக்காகத் தோன்றியது. ‘சந்தொக்கு’ என்ற சொல்லுக்கு மூன்று நற்பண்புகள் என்பது பொருள். மீன், இறைச்சி, காய்கறி மூன்றுக்கும் ஒரே கத்தி என்ற எண்ணத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது வீடுகளிற் பரவியது.

இவற்றை நம் சமையலோடு ஒப்பிட்டால் விடை தானே வெளிப்படும். நாம் பச்சை மீன் உண்பதில்லை. யனகிபா நமக்கு வேண்டியதில்லை. கியூத்தோ செய்வதைச் சந்தொக்கும் செய்யும். இரண்டில் ஒன்று போதும். சந்தொக்கு உள்ள இடத்தில் நகிரி மிகை. பாரையும் விளையும் நாள்தோறும் வெட்டும் வீட்டுக்குத் தேபா பயன்படும். மரக்கறி உண்போர் அதனையும் விலக்கலாம். உள்ளி உரிக்கவும் பழம் சீவவும் சிறு கத்தி ஒன்று வேண்டும். ஆக, மீன் சமைக்கும் வீட்டுக்கு மூன்று, ஏனையோருக்கு இரண்டு. ஐயமுள்ளோர் ஒரு மாதம் வரை எக்கத்தியைக் கை நாடுகிறது என்று கவனிக்கட்டும். கை நாடாத கத்தி வீட்டுக்கு வேண்டாத கத்தியே.

மூன்றோடு நிறுத்துவது ஏன்? காரணம் இடமன்று, தீட்டுதலே. யப்பானியக் கத்தியின் உருக்கு மிகக் கடினமானது. அதனால் வாயை மெல்லிதாகத் தீட்டலாம், கூரும் நெடுநாள் நிற்கும். ஆனால் அதே கடினத்தால் அது எளிதில் உடையும். தேங்காய்ச் சிரட்டையிலோ நண்டின் ஓட்டிலோ உறைந்த மீனிலோ போட்டால் வாய் சிதறிவிடும். அவ்வேலைக்கு நம் கொடுவாக்கத்தியே தக்கது. நீரில் நனைத்துத் தீட்டும் கல்லில், ஏறத்தாழ ஆயிரம் எண் கொண்டதில், பொறுமையாகத் தீட்டுதல் வேண்டும். தேபா போன்ற ஒருபக்கச் சாய்வுக் கத்தியைச் சாய்வுள்ள பக்கத்திலேயே தீட்டி, மறுபக்கத்தைக் கல்லில் தட்டையாக வைத்து இலேசாகத் தேய்த்தாற் போதும்.

தீவுகளில் வாழும் நமக்கு மற்றொரு பகையும் உண்டு. அது உப்பு. கடற்காற்றும் கிணற்றுச் சவர்நீரும் கரிம உருக்கை ஓரிரவிற் துருப்பிடிக்கச் செய்யும். குரோமியம் கலந்த துருவேறா உருக்கைக் காக்கும் மெல்லிய படலத்தையும் உப்பு நாளடைவில் அரிக்கும். புளியும் தேசிக்காயும் அறுத்த கத்தியை நன்னீரிற் கழுவி, அப்போதே துடைத்து வைத்தல் வேண்டும். பத்துக் கத்திகளுக்கு இத்தனையும் செய்வோர் எவர்?

பேணாத கத்தி மழுங்கும். மழுங்கிய கத்தியே கையை வெட்டும். கூரில்லாத இடத்தில் நாம் பலத்தைக் கொடுக்கிறோம். கத்தி வழுக்கி விரலில் இறங்குகிறது. அறுந்த நரம்பைத் தைக்க யாழ்ப்பாணப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமாயின், நெடுந்தீவார் குறிகட்டுவான் வரை கடல் கடக்க வேண்டும். வெங்காயம் கண்ணைக் கலக்குவதும் மழுங்கிய கத்தியால் மிகும்; அது வெங்காயத்தை அரிவதற்குப் பதிலாக நசுக்கிக் காரச் சாற்றை வெளிவிடுகிறது.

விலக்கிய கத்திகளைக் குப்பையில் எறிய வேண்டாம். நன்றாகத் தீட்டி, புதுக்குடித்தனம் தொடங்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாக் காலத்தில் அன்னதானத்துக்குக் காய்கறி அரிவோர் கையில் ஒரு நகிரி நாள் முழுதும் உழைக்கும். ஆனால் ஆச்சியின் சத்தகத்தை மட்டும் விலக்கிவிடாதீர்கள். ஓலை வாரும் வேலைக்கு அதைவிடச் சிறந்த கருவி யப்பானிலும் இல்லை.

எத்தனை கத்தி வேண்டும் என்று கேட்போருக்கு விடை இதுவே: உங்கள் கையால் எத்தனையைக் கூராக வைத்திருக்க முடியுமோ, அத்தனை.