பிறர் காண எரியும் விளக்கு

மோட்டார் வாகனத்தின் முன்விளக்கு, ஓட்டுபவர் வழியைக் காண்பதற்காக எரிவது. பின்விளக்கோ, பிறர் அவ்வாகனத்தைக் காண்பதற்காக எரிவது. முன்விளக்கு அணைந்தால் ஓட்டுபவர் அக்கணமே அறிவார். பின்விளக்கு அணைந்து பல நாட்கள் சென்றாலும் அவர் அறியார். இருளிற் பின்னே விரைந்து வருபவரே அதை முதலில் அறிகிறார். அவர் அறியும் வேளையிற் காலங் கடந்திருத்தலுங் கூடும். இரவில் வீதியோரத்தில் நிறுத்தப்பட்ட லொறியொன்றின் பின்புறம் ஒளியின்றி இருப்பின் நேரக்கூடிய கேட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விளக்கு எரியவில்லையென்றால், குமிழ் பழுதாயிற்று என்று எண்ணிப் புதியதொன்றை வாங்கிப் பூட்டுவது பலரது வழக்கம். சில வேளை அதுவே போதும். ஆனால் புதிய குமிழும் எரியாதபோது என் செய்வது? இங்கேதான் மாணவர் பள்ளியிற் படித்த மின்சாரப் பாடம் உதவிக்கு வருகிறது.

மின்னோட்டம் ஒரு வட்டப் பயணி. புறப்பட்ட இடத்திற்குத் திரும்பிச் சேர வழியிருந்தாலன்றி அது புறப்படுவதேயில்லை. வீட்டு விளக்கிற்குச் செல்லவும் திரும்பவும் இரு கம்பிகள் உண்டு. வாகனத்திலோ பெரும்பாலும் ஒரு கம்பியே விளக்கிற்குச் செல்கிறது. மற்ற வழி, வாகனத்தின் இரும்பு உடலே. பற்றரியின் ஒரு முனை அவ்வுடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வாகனங்களில் அது எதிர்முனை. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமாகி, நம் நாட்டு வீதிகளிலும் பெருவழக்குப் பெற்ற மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளில் அது நேர்முனை. எம்முனையாயினும் தத்துவம் ஒன்றே: உடலோடு விளக்கு கொள்ளும் தொடுப்பு அறுந்தால் ஒளியும் அறும். இதனையே புவித்தொடுப்பு என்கிறோம்.

பின்விளக்கின் பழுதுகளுட் பல இத்தொடுப்பிலும் குமிழ்தாங்கியிலுமே தோன்றுகின்றன. சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் அவ்விடத்திற் படிகிறது. மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றும் சேர்ந்து துருவை வளர்க்கிறது. துரு மின்னோட்டத்தை முற்றாகத் தடுக்காவிடினும் தளர்த்திவிடும். 12 உவோற்றில் இயங்கும் 21 உவாற்றுப் பிறேக் விளக்கின் எரியும் இழைக்குத் தடை ஏறக்குறைய 7 ஓம். துருவால் மேலும் 2 ஓம் சேருமாயின், 2½ உவோற்றுக்கு மேல் அத்துருவிலேயே வீணாகும். விளக்கு எரியும், ஆனால் அதன் ஒளி பாதிக்கும் கீழாகக் குன்றிவிடும்.

புவித்தொடுப்பு முற்றாக அறுந்தால் ஒரு விந்தையைக் காணலாம். பகலில், விளக்கு ஆளியை மூடாமலே பிறேக்கை மிதிக்கும்போது, பின்விளக்கும் முன்புறச் சிறுவிளக்குகளும் மங்கலாக எரியும். பேயுமன்று, பிசாசுமன்று! வாய்க்காலை அடைத்தால் வெள்ளம் வேறு வழி தேடுமன்றோ? பிறேக் இழையினூடு வந்த மின்னோட்டம், திரும்பும் வழி அடைபட்டமையால், அதே குமிழிலுள்ள பின்விளக்கு இழையினூடு பின்னோக்கிச் சென்று, அதனோடு இணைந்த மற்ற விளக்குகள் வழியாக உடலைச் சேர்கிறது. இக்குறியைக் கண்டால் முதலிற் புவித்தொடுப்பையே ஐயுறுக.

பழுதைத் தேடுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எல்லாச் சிறுவிளக்குகளும் ஒருங்கே அணைந்தனவா, ஒன்று மட்டுமா என்று முதலிற் பார்க்க வேண்டும். எல்லாம் அணைந்தால் உருகியையும் ஆளியையும், அவை சேரும் பொதுக் கம்பியையும் ஆராய்க. ஒன்று மட்டும் அணைந்தால், எரியும் பக்கத்துக் குமிழைக் கழற்றி இங்கே இட்டுப் பார்க்க. அதுவும் எரியாவிடின், குமிழ்தாங்கியிலிருந்து பற்றரியின் உடல்சார்ந்த முனைவரை ஒரு கம்பியை நேரே பிடிக்க. விளக்கு உடனே எரியுமாயின் பழுது புவித்தொடுப்பில். துருவைச் சுரண்டி, உலோகம் மின்னத் துடைத்து, இறுக்கிப் பூட்டினால் தீரும். அப்போதும் எரியாவிடின், மின்னோட்டம் தாங்கிவரை வருகிறதா என்பதைச் சோதனை விளக்கொன்றால் அறிந்து, வராவிடின் கம்பி வழியே பின்னோக்கிச் செல்க. டிக்கி மூடியின் கீலருகே கம்பி அடிக்கடி மடிந்து அறுவதுண்டு.

பிறேக்கும் பின்விளக்கும் ஒரே குமிழில் அமைந்த இரட்டை இழைக் குமிழின் பக்கத்து முளைகள் இரண்டும் சமஉயரத்தில் இருப்பதில்லை. அதனை வலிந்து மாறிப் பூட்டினால் பின்விளக்கு மிகையாகவும் பிறேக் விளக்கு மங்கலாகவும் எரிந்து, பின்வருபவரை ஏமாற்றும்.

உருகி மீண்டும் மீண்டும் உருகுமாயின், எங்கோ தோலுரிந்த கம்பி உடலைத் தொடுகிறது என்பதே பொருள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றியோ, பருமனான உருகியை இட்டோ அதனை அடக்க முயல்வது தீயை அழைப்பதாகும். குமிழ்களையெல்லாம் கழற்றிவிட்டு, உருகியின் இடத்தில் 21 உவாற்றுக் குமிழொன்றை இணைத்து ஆளியை மூடுக. அது நிறைந்த ஒளியுடன் எரியும். பின்னர் கிளைக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற, எதனைக் கழற்றும்போது ஒளி தணிகிறதோ அக்கிளையே குற்றவாளி.

இக்காலத்துப் புதிய வாகனங்களிற் பல, இழையற்ற ஒளியுமிழ் இருவாயிகளையும் கணினிக் கட்டுப்பாட்டையும் கொண்டவை. அவற்றிற் சோதனை விளக்கைப் பயன்படுத்தாது, மின்மானியால் அளப்பதும் தேர்ந்த திருத்துநரிடம் ஒப்படைப்பதுமே நன்று. எனினும் திரும்பும் வழியின்றி மின்னோட்டம் இல்லை என்னும் விதி அவற்றிற்கும் பொருந்தும்.

இவ்வளவும் பழுது வந்தபின் செய்வன. வந்ததை அறியக் கருவி எதுவும் வேண்டா. வாரத்தில் ஒரு மாலை, வண்டி அசையாது நிற்க, வீட்டிலுள்ள ஒருவர் பின்புறம் சற்று விலகி நின்று பார்க்க, ஓட்டுபவர் ஆளியை மூடிப் பிறேக்கையும் மிதித்தாற் போதும். தனித்திருப்பவர் சுவரருகே வண்டியை நிறுத்தி, சுவரிற் படியும் செவ்வொளியைக் கண்டறியலாம். இரண்டு நிமிட வேலை. முகமறியா ஒருவரின் உயிர், அவர் முன்னே செல்லும் வண்டியின் அச்சிறு செவ்வொளியை நம்பியிருக்கிறது என்பதை மறவாதிருப்போமாக.