கொத்தனாரின் பயிற்சிக்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது

சென்னை பெரும்பாக்கம் நூக்கம்பாளையத்தில் 1,152 வீடுகள் கொண்ட லைட் ஹவுஸ் திட்டக் குடியிருப்பு 2022 மே மாதம் திறக்கப்பட்டது. தூண், உத்தரம், தளம், படிக்கட்டு எல்லாம் முன்னதாகவே வார்த்து, கிரேனில் தூக்கிப் பொருத்தியவை. தடுப்புச் சுவர்களுக்கு ஏஏசி எனும் காற்றுத் துளைகள் கொண்ட லேசான கான்கிரீட் பிளாக். நம் ஊர்க் கட்டுமானம் போகும் திசை இதுதான். சேலையூரிலும் மேடவாக்கத்திலும் கட்டும் சின்ன வீடுகளுக்கும் இந்த பிளாக்குகள் வந்துவிட்டன.

சிமென்ட்டும் மாறி வருகிறது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 டிகிரியில் சுட்டுக் கிளிங்கர் எடுக்கும்போது, எரிபொருளின் புகை போதாதென்று கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகிறது. அதனால் கிளிங்கரைக் குறைத்து அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் பரவலாகிவிட்டது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்சி3 சிமென்ட்டுக்கும் 2023-இல் இந்தியத் தர நிர்ணயம் வந்தது. அதற்கான ஆய்வில் நம் சென்னை ஐஐடிக்கும் பங்குண்டு.

பொருள் மாறினால் கைவேலையும் மாற வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456 விதிப்படி, ஓபிசி எனும் சாதாரண சிமென்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டு ஈரம் காக்க வேண்டும். கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாள். வெயில் காலத்தில் 14 நாள் நல்லது. இதைச் சொல்லித் தராமல் பழைய கணக்கில் நிறுத்தினால் கான்கிரீட் வலுவிழக்கும். ஏஏசி பிளாக்குக்கு மூன்று மில்லிமீட்டர் அளவில் மெல்லிய பசைக் கலவை போதும். செங்கல்லுக்கு வைப்பதுபோல் கனமாக வைத்துப் பூசினால் சுவரில் விரிசல் விட வாய்ப்பு அதிகம். பழி மட்டும் கொத்தனார் தலையில் விழும், பல வேளைகளில் கூலியும் பிடிக்கப்படும். எனக்கு ஆறாத கோபம் இங்கேதான். கற்றுக்கொடுக்காத வேலைக்கு ஒருவரைத் தண்டிப்பது என்ன நியாயம்?

உடம்புக்கும் ஆபத்து உண்டு. பிளாக்கையும் டைல்ஸையும் உலர்ந்த நிலையில் கிரைண்டரில் அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிக்கோசிஸைக் குணமாக்க மருந்து இல்லை. பிளாக்கைக் கைரம்பத்தால் அறுங்கள், டைல்ஸுக்குத் தண்ணீர் விட்டு அறுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது. தூசி வடிகட்டும் முகக்கவசத்தை மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள். மாடியில் சோலார் தகடு பொருத்தப் போகிறவர்கள் உடல் முழுவதையும் பிணைக்கும் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஏறக் கூடாது.

இனி உரிமை. பெரிய கட்டடங்கள் எழும்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குப் போகிறது. அந்தப் பணம் 1994-இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியத்துக்குரியது. ஆகவே பயிற்சியை யாரோ தரும் தர்மமாக நினைக்க வேண்டாம். பதிவுபெற்ற தொழிலாளர்களுக்குக் கேளம்பாக்கத்தை அடுத்த தையூரில் வாரியம் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. ஒரு வாரப் பயிற்சிக்கு வருபவரின் கூலி இழப்புக்கு ஈடாக நாளொன்றுக்கு 800 ரூபாய் என்றும் அறிவித்தது. அடுத்த வகுப்பு எப்போது, என்ன தொகை என்று தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேளுங்கள். ஏஏசி சுவர், கலப்பு சிமென்ட், சோலார் ஆகியவை பாடத்தில் உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

பதிவு செய்ய 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை, இடைத்தரகர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அட்டை இருந்தும் புதுப்பிக்காமல் விட்டவர்கள் முதலில் புதுப்பியுங்கள்.

அதிகம் இழப்பவர்கள் சித்தாள் பெண்கள். ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் கலவை சுமக்கும் வேலை குறைந்தது. முன்வார்ப்பு வந்தால் கல் சுமக்கும் வேலையும் குறையும். இருபது வருடம் கொத்தனார் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்த பெண்ணுக்குக் கரணை பிடிக்கும் பயிற்சியில் முதல் இடம் தர வேண்டும். ஒரே அளவில் பார்த்தால் ஏஏசி பிளாக் செங்கல்லைவிட மிக லேசானது என்பதால், இந்த வேலையில் பெண்களைச் சேர்க்காமலிருக்கப் பழைய சாக்குகள் செல்லாது. பயிற்சிக்குப் பெயர் கொடுத்தும் அழைப்பு வராதவர்கள் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.