மோட்டாருக்குள் கூழாங்கல்

மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகில் இன்ஜின் பார்க்கும் என் மச்சானும் வீட்டில்தான் இருந்தார். காரைக்கால்மேட்டிலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி, மோட்டாருக்குள்ள யாரோ கூழாங்கல்லைக் கொட்டி அரைக்கிற மாதிரி சத்தம் வருதுடா. முன்னெல்லாம் இருபத்தஞ்சு நிமிஷத்துல டேங்க் ரொம்பிடும். இப்ப முக்கா மணி நேரம் ஆகுது."

மோட்டார் பார்க்கிறவர் ஒருவர் ஏற்கனவே வந்து போயிருந்தார். அரை ஹெச்.பி. இனிமேல் இழுக்காது, ஒரு ஹெச்.பி. மாட்டணும், கையோடு இன்னும் 20 அடி ஆழத்துக்குப் புது போர் இறக்கிடலாம் என்பது அவருடைய தீர்ப்பு. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பயம் வேறு. கடற்கரையை ஒட்டிய அந்த மணலில் மேலாக இருப்பதுதான் நல்ல தண்ணீர். அதற்குக் கீழே உப்பு.

குளிர்தேசங்களில் வசதியான வீடுகளில் 'ஹாட் டப்' என்று ஒரு வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பார்கள். அதற்குள் தண்ணீரைச் சுற்றவிடுவதும், அக்கா வீட்டுக் கொல்லையில் இருப்பதும் ஒரே ஜாதி இயந்திரம்தான். மையவிலக்குப் பம்பு. அது போடும் சத்தங்களும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி. கூழாங்கல் சத்தம் அதில் மிகப் பிரபலமானது.

பம்பு தண்ணீரை 'இழுக்கிறது' என்று சொல்கிறோம். உண்மையில் அது இழுப்பதில்லை. உள்ளே சுழலும் இம்பெல்லர் தண்ணீரை வெளிப்பக்கம் வீசி எறிகிறது. அதனால் நடுவில் அழுத்தம் குறைகிறது. கீழே இருக்கும் தண்ணீரை வெளிக்காற்றின் அழுத்தம் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் காற்றால் தள்ள முடிந்த அதிகபட்ச உயரம் சுமார் 10.3 மீட்டர். குழாயின் உராய்வு, வளைவுகள் எல்லாம் கழிய, நடைமுறையில் 7 மீட்டர் கிடைத்தால் பெரிய விஷயம். மேலே உட்கார்ந்திருக்கும் பம்பு ஒரு ஹெச்.பி.யாக இருந்தாலும் பத்து ஹெச்.பி.யாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் தள்ளுகிற ஆள் பம்பு இல்லை, காற்று.

இம்பெல்லரின் நடுவில் அழுத்தம் மிகவும் குறைந்துவிட்டால் வேடிக்கை ஒன்று நடக்கும். தண்ணீர் கொதிக்கும். 30 டிகிரியிலேயே! கொதிப்பதற்குச் சூடு மட்டும்தான் வழி என்றில்லை. அழுத்தத்தைக் குறைத்தாலும் கொதிக்கும். சின்னச் சின்ன நீராவிக் குமிழிகள் உண்டாகி, இம்பெல்லரின் ஓரத்துக்குப் போகும்போது அங்கே அழுத்தம் கூடுவதால் பட்டென்று நொறுங்கும். அடுப்பில் உலை கொதிப்பதற்குச் சற்றுமுன் ஒரு 'சோ' சத்தம் வருமே, அதுவும் இதே கதைதான். அடியில் பிறந்த குமிழி மேலே ஏறி, ஆறின தண்ணீரில் பட்டு நசுங்கும் சத்தம் அது. பம்புக்குள் இது வெகு வேகமாக நடப்பதால் கல் உருள்வது போலக் கேட்கிறது.

இதைக் குழிவுறுதல் என்பார்கள். மெக்கானிக்குகள் 'கேவிட்டேஷன்' என்றே சொல்கிறார்கள். முதலில் இதில் மாட்டிக்கொண்டது கப்பல்காரர்கள். சார்லஸ் பார்சன்ஸ் 1894-ல் கட்டிய 'டர்பினியா' என்ற நீராவிச் சுழலிக் கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. இன்ஜினில் பலம் இருந்தது, சுக்கான் பக்கத்து விசிறிதான் தண்ணீருக்குள் குமிழியைக் கடைந்துகொண்டிருந்தது. ஒரு சுழலிக்குப் பதில் மூன்று, ஒன்பது விசிறிகள் என்று மாற்றியமைத்த பிறகுதான் ஓடியது. குமிழி நொறுங்கும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்று ராலே பிரபு 1917-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். உலோகத்தையே செல்லரித்த மாதிரி குழிக்கும் அளவுக்குப் பிறக்கிறது.

சரி, அக்கா வீட்டில் நடந்தது இதுதானா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஏறக்குறைய இதே சத்தத்தைப் போடும் இன்னொரு கோளாறு உண்டு. உறிஞ்சு குழாயில் எங்காவது மயிரிழை அளவு ஓட்டை இருந்து, அது வழியாகக் காற்று உள்ளே போவது. விநியோகக் குழாயில் ஓட்டை என்றால் தண்ணீர் ஒழுகிக் காட்டிக் கொடுத்துவிடும். உறிஞ்சு குழாயில் ஓட்டை இருந்தால் சொட்டுக்கூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, காதுக்கு மட்டும் தெரியும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு டம்ளர் போதும். டேங்கில் விழும் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். காற்றுக் குமிழி நொறுங்கி மறையாது, அப்படியே வெளியே வரும். தண்ணீர் மோர் மாதிரி வெளுத்திருந்து, சற்று நேரத்தில் அடியிலிருந்து தெளியும். நீராவிக் குமிழியோ பம்புக்குள்ளேயே பிறந்து பம்புக்குள்ளேயே செத்துவிடும். டம்ளரில் தடயமே இருக்காது. இன்னொரு சோதனை, மேலே போகும் குழாயின் வால்வைப் பாதி மூடிப் பார்ப்பது. ஓட்டம் குறைந்தால் உறிஞ்சு பக்க உராய்வு குறையும், அழுத்தம் கொஞ்சம் மீளும், கொதிப்பு அடங்கும். சத்தம் சட்டென்று தணிந்தால் கேவிட்டேஷன் என்று சந்தேகிக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை நேரிலேயே போய்விட்டேன். பக்கத்து வீட்டில் பழைய கிணறு ஒன்று இருக்கிறது. 2004 சுனாமியில் கடல்தண்ணீர் புகுந்ததிலிருந்து அதைக் குடிக்கப் புழங்குவதில்லை. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினோம். தண்ணீர் 11 அடியில் இருந்தது, அதாவது மூன்றரை மீட்டருக்குக் குறைவு. காற்றால் தாராளமாகத் தள்ள முடிகிற உயரம். அப்படியானால் ஆழம் குற்றவாளி இல்லை. ஒன்று, போரின் அடியில் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று.

மச்சான் அதற்குள் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரின் பின்பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டிருந்தார். இன்ஜின்காரர்களின் ஸ்டெதஸ்கோப் அது. திடப்பொருள் வழியாகச் சத்தம் சிதறாமல் வரும். மட்டக்களப்பு வாவியில் நிலா இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்பார்களே, அதே உத்திதான். (சுழலும் பாகத்தில் வைத்துவிடாதீர்கள். ஈரக்கையோடும் வேண்டாம்.)

"பேரிங் நல்லாத்தான் இருக்கு மாப்ள. சத்தம் முன்னாடி பம்புலதான்," என்றார்.

பேரிங்கைச் சோதிக்க எனக்குத் தெரிந்த எளிய வழி, சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்பது. மின்சாரத்தால் வரும் ரீங்காரம் அந்தக் கணமே நின்றுவிடும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் காந்தம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இழுப்பதால் அது 100 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று கேட்கும். பேரிங்கின் கரகரப்பு அப்படி நிற்காது, தண்டு சுற்றி ஓயும் வரை கூடவே தேயும். சுவிட்ச் போட்டதும் வெறும் 'ம்ம்ம்' மட்டும் வந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும், அல்லது இம்பெல்லர் இறுகியிருக்கும்; உடனே அணைக்காவிட்டால் காயில் கருகும். நிறுத்தும்போது 'டொப்' என்று குழாய் அதிர்ந்தால் அது மேலேறிய தண்ணீர் திரும்பி வந்து வால்வில் மோதுவது.

டம்ளரில் பிடித்தோம். மோர்தான்.

மோட்டாரை அணைத்துவிட்டு, உறிஞ்சு குழாயின் ஒவ்வொரு இணைப்பாக மச்சான் இன்ஜின் கிரீஸைத் தடிமனாக அப்பினார். ஒன்று அப்பி, மோட்டாரைப் போட்டுக் கேட்டு, அணைத்து, அடுத்தது. (கிரீஸ் இல்லையென்றால் குழைத்த சோப்பும் போதும்.) மூன்றாவது இணைப்பில் கூழாங்கல் காணாமல் போயிற்று. பி.வி.சி. குழாயும் ஜி.ஐ. நிப்பிளும் சேரும் இடம். உப்புக்காற்றில் மரை துருவேறி, டெஃப்லான் டேப் பொடியாக உதிர்ந்தது. புது நிப்பிள் மாட்டினோம்.

இப்போது அந்த 'ஒரு ஹெச்.பி., கூட இருபது அடி' யோசனைக்கு வருகிறேன். பெரிய மோட்டார் நிமிஷத்துக்கு அதிகத் தண்ணீர் எடுக்கப் பார்க்கும். ஓட்டம் இரண்டு மடங்கானால் அதே குழாயில் உராய்வு ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும். ஓட்டையும் அப்படியே இருந்திருக்கும். சத்தம் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. போரை ஆழப்படுத்தினாலும் காற்று தள்ள வேண்டிய உயரம் குறையப் போவதில்லை. அதைத் தீர்மானிப்பது தண்ணீர் நிற்கும் மட்டம், குழாயின் அடிநுனி இல்லை.

ஆனால் உப்பு வந்திருக்கும். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1000 என்றால் கடல்நீருடையது 1025. இந்த 25 வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் பேடன் கைபனும், 1901-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இது. இதையே திருப்பிப் போட்டால்தான் வயிற்றைக் கலக்கும். மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால், காலப்போக்கில் உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். நிஜ மண்ணில் களிமண் அடுக்கெல்லாம் குறுக்கே வருவதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. இருந்தாலும் வேகமாக உறிஞ்சும் குழாய்க்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி எழும்பி வருவது நிஜம். குழாய் நுனியை அந்தக் கூம்பை நோக்கி இன்னும் 20 அடி இறக்குவதைத்தான் அவர் சொன்னார். ஒருமுறை உப்பேறிய மணல் எப்போது தெளியும் என்பது மழையின் கையில்.

அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. உள்ளே தள்ளி, தண்ணீர் மட்டம் இருபது அடிக்குக் கீழே போய்விட்ட ஊர்களில் அதே சத்தத்துக்கு அவர் சொன்ன ஆழமும், தண்ணீருக்குள்ளேயே இறக்கும் மோட்டாரும் சரியான வைத்தியமாக இருக்கலாம்.

டேங்க் இப்போது அரை மணிக்குள் நிறைகிறது. முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இருபது நிமிஷம் ஓடியதும் லேசாக ஒரு கரகர வருகிறது. டம்ளரில் பிடித்தால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வால்வைத் திருகினால் சத்தம் அடங்குகிறது. அப்படியானால் இது அசல் கேவிட்டேஷன். ஃபில்டரும் கொஞ்சம் அடைத்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் அதைக் கழுவ வேண்டும். அதுவரை காலையில் கால் மணி, சாயங்காலம் கால் மணி என்று பிரித்து ஓட்டச் சொல்லியிருக்கிறேன். நடுவில் மணல் ஊறிக்கொள்ளும். அக்கா கடிகாரம் பார்ப்பதில்லை. சமையல்கட்டில் இருந்தபடியே, கரகர ஆரம்பித்ததும் போய் அணைத்துவிடுகிறாளாம்.