முட்டை இல்லை... மொறுமொறுப்பு உண்டு! போர்க்கால நினைவைச் சுமக்கும் ஓட்ஸ் - தேங்காய் பிஸ்கட்

ஏப்ரல் 25... ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் போரில் உயிர்நீத்த வீரர்களை நினைவுகூரும் 'அன்சாக் தினம்'. 1915-ல் இதே நாளில்தான் அந்த இரு நாட்டுப் படைகளும் துருக்கியின் கலிப்பொலியில் தரையிறங்கின. இந்த நாளையொட்டி அங்குள்ள வீடுகளில் தயாராகும் பலகாரம், 'அன்சாக் பிஸ்கட்'.

இதில் முட்டை கிடையாது. போர்க்காலத்தில் முட்டைக்குத் தட்டுப்பாடு, முட்டை சேர்க்காவிட்டால் பல நாள்கள் கெடாது என இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன.

போர்க்களத்தில் வீரர்கள் சாப்பிட்டது இதைத்தான் எனப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், அவர்களுக்குக் கிடைத்தது கல் போன்ற கெட்டி பிஸ்கட். ஊரில் இருந்தவர்களோ ஓட்ஸ் பிஸ்கட் சுட்டு விற்று, போர் நிதி திரட்டினார்கள். தேங்காய்கூட 1920-களில்தான் இதில் சேர்ந்தது.

'அன்சாக்' என்ற பெயரை வியாபாரத்துக்குப் பயன்படுத்த ஆஸ்திரேலியாவில் அரசின் அனுமதி தேவை. பிஸ்கட் விற்பவர்கள் பாரம்பரிய செய்முறையிலிருந்து பெரிதாக விலகக் கூடாது. 'குக்கீ' என்றும் அழைக்கக் கூடாது!

தேவையானவை:

ரோல்டு ஓட்ஸ், மைதா, உலர்ந்த தேங்காய்த்தூள் - தலா 1 கப்
நாட்டுச்சர்க்கரை - முக்கால் கப்
வெண்ணெய் - 125 கிராம்
கோல்டன் சிரப் - 2 டேபிள்ஸ்பூன்
சமையல் சோடா - அரை டீஸ்பூன்
கொதிநீர் - 2 டேபிள்ஸ்பூன்

செய்முறை:

ஓட்ஸ், மைதா, தேங்காய்த்தூள், சர்க்கரையைக் கலந்துகொள்ளவும். வெண்ணெயையும் சிரப்பையும் சிறுதீயில் உருக்கி இறக்கவும். கொதிநீரில் சோடாவைக் கரைத்து அதில் ஊற்றினால் நுரைத்து வரும். உடனே மாவுக் கலவையில் சேர்த்துப் பிசையவும். சிறு உருண்டைகளாக்கி, பேக்கிங் தட்டில் இடைவெளிவிட்டு வைத்து லேசாக அழுத்தவும். 160 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய அவனில் 12 முதல் 15 நிமிடங்கள் வைத்து, பொன்னிறமானதும் எடுக்கவும்.

கவனிக்க:

* முட்டையின் வேலையை இங்கே செய்வது சிரப்தான். அதைக் குறைத்தால் பிஸ்கட் உதிர்ந்துவிடும். சிரப் கிடைக்காவிட்டால் தேன் சேர்க்கலாம். கேரமல் மணம் மட்டும் குறையும்.

* பச்சைத் தேங்காய்த் துருவலில் ஈரம் அதிகம். அதைச் சேர்த்தால் மொறுமொறுப்பு வராது, சீக்கிரம் கெட்டும்விடும்.

* அவனிலிருந்து எடுத்ததும் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைக்க வேண்டாம். ஆற ஆற இறுகிவிடும். நன்றாக ஆறிய பிறகே காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடவும்.